ஒரே கடிதத்தில் மூன்று புகார்: டயாலிசிஸ் யூனிட்டில் சக ஊழியரின் சுத்தமும் எல்லையும் – நிகழ்வு ஆய்வு

இது ஏதோ ஒரு மருத்துவமனையின் கோப்பிலிருந்து எடுத்ததல்ல. தமிழ்நாட்டின் நடுத்தரத் தனியார் மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் சிக்கலை, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறோம். இதில் வரும் செய்முறை, அளவு, சட்டக் கெடு ஆகியவை நடப்பில் உள்ளவை.

டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை மெஷின் மூலம் சுத்திகரிப்பது) யூனிட்டில் 12 மெஷின். அதில் ஒன்று ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்காகத் தனி அறையில் இருக்கிறது. காலை 6 மணிக்கு முதல் சுற்று தொடங்கி நாளுக்கு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 4 மணி நேரம். நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நோயாளியை இறக்கி, மெஷினைக் கிருமிநீக்கம் செய்து, பிரைமிங் (குழாய்களில் சலைன் ஓட்டிக் காற்றை வெளியேற்றுவது) முடித்து, அடுத்தவரை ஏற்ற வேண்டும். ஒரு டெக்னீஷியன் நான்கு மெஷின் பார்க்கிறார். புகாருக்கு ஆளானவர் 26 வயது டெக்னீஷியன், சேர்ந்து எட்டு மாதம். ஊசி போடுவதில் கைத்திறன் உள்ளவர். கடினமான ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காகக் கையில் அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) என்றால் மற்றவர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆறு பேர் கையெழுத்திட்ட கடிதம் நர்சிங் சூப்பிரண்டெண்டுக்குப் போனது. மொத்தம் நாலே வரி: "இவருடன் வேலை பார்க்க முடியவில்லை. சுத்தம் இல்லை. நடத்தை சரியில்லை. வேறு யூனிட்டுக்கு மாற்றித் தரவும்." தேதி இல்லை, நடந்தது என்ன என்றும் இல்லை. இதை வைத்து மாற்றலாம், திட்டலாம், கிழித்தும் போடலாம். சரிசெய்ய மட்டும் முடியாது. பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டத்திலேயே ஆளை மாற்றிவிடுவார்கள், அதே சிக்கல் அடுத்த யூனிட்டில் முதலிலிருந்து தொடங்கும்.

கடிதத்துக்கு முன் நடந்தவை

கடிதம் வருவதற்குள் மூன்று முயற்சி நடந்து மூன்றும் பாழாகியிருந்தன. முதலில் யாரோ அவருடைய லாக்கரில் ஒரு சோப்பும் ரோல்-ஆனும் வைத்து, "பயன்படுத்தவும்" என்று துண்டுச்சீட்டு எழுதிவைத்தார்கள். வைத்தவர்களுக்கு அது நாசூக்கு. அவருக்கோ யூனிட்டில் உள்ள பன்னிரண்டு முகத்தில் எது என்று தெரியாத ஒரு எதிரி. அன்றிலிருந்து அவர் மற்றவர்களோடு சாப்பிட உட்காரவில்லை.

அடுத்தது ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும்) நேரத்துப் பொது அறிவிப்பு. "எல்லாரும் குளிச்சிட்டு, துவைச்ச யூனிஃபார்ம் போட்டுட்டு வாங்க" என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார். யாருக்குச் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும், இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். இந்த முறை எங்கே முயன்றாலும் தோற்கும். சம்பந்தமில்லாதவர்கள் தங்களைத்தானோ என்று குழம்புவார்கள், சம்பந்தப்பட்டவர் அவமானப்படுவார், என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்குமே புரியாது. மூன்றாவதாக ஹவுஸ்கீப்பிங் அண்ணனிடம் "நீங்க சொல்லுங்க, உங்க பேச்சைக் கேட்பான்" என்று தள்ளிவிட்டார்கள். அவர் சொன்னாரா இல்லையா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையே வாட்ஸ்ஆப் குழுவில் கேலிப்படம் ஓடியது. நம் ஊரில் "சுத்தம் இல்லை" என்ற பேச்சு எந்த நேரத்தில் சாதிப் பேச்சாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அவர் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பைப் பற்றிய கிண்டல், அவர் தொட்ட தண்ணீர்க் கேனை மட்டும் தவிர்ப்பது, "அவங்க வீட்லயே அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம், இவற்றில் எது வந்தாலும் விவகாரம் சுகாதாரத்தைத் தாண்டிவிட்டது. ஆள் பட்டியல் சாதியினராக இருந்து, பொதுவில் சாதியைத் தொட்டு அவமதித்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகும். புகார் கொடுத்தவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்களாகி நிற்பார்கள். இன்சார்ஜ் அந்தப் படத்தைப் பார்த்த அன்றே நீக்கச் சொல்லி, போட்டவரைத் தனியே அழைத்துக் கண்டித்தது சரியான நடவடிக்கை. இன்னும் முன்பே பார்த்திருக்கலாம்.

பிரித்து எழுதியது

சூப்பிரண்டெண்ட் ஆறு பேரையும் தனித்தனியாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "நீங்க கண்ணால பார்த்தது என்ன, எந்த ஷிஃப்ட்ல?" கருத்து சொன்னால் எழுதிக்கொள்ளவில்லை, நடந்ததைச் சொன்னால் மட்டும் எழுதிக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் நாலு வரிக் கடிதம் மூன்று தாளாகப் பிரிந்தது.

முதல் தாளில் நோயாளிக்கு ஆபத்தான செயல்கள். 4ஆம் மெஷினில் ஊசி எடுத்த கிளவுஸோடு 5ஆம் மெஷினின் அலாரத்தை மியூட் செய்தார். கிளவுஸ் போட்ட கையால் கம்ப்யூட்டரில் எழுதினார், பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். இடது சுண்டுவிரல் நகம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். வலது மணிக்கட்டில் மூன்று கோயில் கயிறு, அதில் ஒன்று ரத்தமும் பீட்டடினும் ஊறிக் கறுத்துப்போனது.

இரண்டாம் தாளில் உடல் வாசனை: வியர்வை, ஈரம் காயாத துணி, ஷூவைக் கழற்றினால் கால் நாற்றம். மூன்றாம் தாளில் எல்லை மீறல். பெண் நர்ஸ்களிடம் பேசும்போது தோளில் கை வைப்பது, ட்ராலி அருகே உரசி நிற்பது, இரவு 11 மணிக்கு மேல் "தூங்கலையா" என்று மெசேஜ், ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவான சேஞ்சிங் ரூமில் கதவைத் தட்டாமல் நுழைவது. கூடவே மற்றவர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது, டிபன் பாக்ஸைத் திறந்து எடுப்பது, லாக்கரில் இருந்த துண்டையும் சீப்பையும் கேட்காமல் எடுப்பது.

மூன்று தாளும் மூன்று வெவ்வேறு வழியில் போக வேண்டியவை. பொறுப்பாளர் வேறு, கெடு வேறு, பதிவு வைக்கும் முறையும் வேறு. முதலாவது தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம், அன்றைக்கே. இரண்டாவது இன்சார்ஜிடம், தனிப்பட்ட பேச்சாக. மூன்றாவதில் தொடுதலும் மெசேஜும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு (பணியிடப் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழு) உரியவை. கலந்துவிட்டால் மூன்றுமே கெடும். வாசனையைப் பற்றி முணுமுணுத்ததில் கிளவுஸ் விஷயம் எட்டு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. "தோளில் கை வைக்கிறான்" என்று சொல்லக் கூசியவர்கள் "சுத்தம் இல்லை" என்று எழுதினார்கள். கடிதத்தில் கையெழுத்திட்ட ஆறு பேரில் இருவருக்கு வாசனை ஒரு பொருட்டே இல்லை, தொடுதல்தான் சிக்கல் என்பது பிறகுதான் தெரிந்தது. டியூட்டி ரோஸ்டரைப் புரட்டினால் அதற்கான தடயம் முன்பே இருந்தது: இளைய நர்ஸ் ஒருவர், இந்த டெக்னீஷியன் இருக்கும் மாலை ஷிஃப்டை மட்டும் மாதக்கணக்கில் வேறொருவரோடு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். ஒருவர் குறிப்பிட்ட ஒரு ஆளோடு மட்டும் தொடர்ந்து டியூட்டி மாற்றினால் இன்சார்ஜ் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

கிளவுஸ் காத்திருக்காது

வாசனைப் பேச்சுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். கிளவுஸ் விஷயத்தில் அந்த ஷிஃப்ட் முடியும்வரைகூடப் பொறுக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியே போதும். அலாரம் பட்டன், கிளாம்ப், பி.பி. கஃப், நாற்காலிக் கைப்பிடி, இவை வழியாக ஒரு நோயாளியின் ரத்தம் அடுத்தவரின் ஊசி இடத்துக்குப் போவதே டயாலிசிஸ் யூனிட்டில் தொற்று பரவும் வழக்கமான பாதை. ஒவ்வொரு நோயாளியின் இடமும், அங்குள்ள மெஷின் திரையும் சேர்ந்து, ரத்தம் பட்ட பகுதி என்றே கொள்ள வேண்டும். நெக் லைன் (கழுத்து ரத்தக்குழாயில் செருகிய கேத்தீட்டர்) உள்ள நோயாளி என்றால் ஆபத்து இன்னும் நேரடி, கையில் உள்ளது ரத்த ஓட்டத்துக்கே போய்விடும்.

அன்று மாலையே தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் அவரை அழைத்து, கேத்தீட்டர் இணைக்கும் வேலையிலிருந்தும் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுக்கும் வேலையிலிருந்தும் தற்காலிகமாக விலக்கினார். "தண்டனை இல்ல தம்பி. திரும்பவும் சரியா செய்யறதைப் பார்த்துட்டு நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று காரணத்தோடு சொன்னார். காரணம் சொல்லாமல் ரோஸ்டரில் பெயரை மட்டும் அடித்திருந்தால் அதுவே புதுத் தகராறாகியிருக்கும்.

அடுத்து ஒரு வாரம் யூனிட் முழுவதையும் கவனித்தார், அவரை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐந்து தருணங்கள்' அட்டவணைப்படி: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், ரத்தம் அல்லது உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். ஒருவரை மட்டும் கண்காணித்தால் அது உளவு ஆகிவிடும், கிடைக்கும் தகவலும் கோணல். இங்கே யூனிட் முழுவதையும் பார்த்ததில், கிளவுஸைக் கழற்றிவிட்டுக் கை தேய்க்காமல் அடுத்த வேலைக்குப் போகும் பழக்கம் அவருக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவர்களிலும் இருவருக்கு இருந்தது.

ஏன்? 12 மெஷினுக்கு ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசல்) பாட்டில் நான்கே இடத்தில். ஒன்றின் பம்ப் அழுத்தினால் காற்றுதான் வரும். கிளவுஸ் பெட்டி எல்லாமே மீடியம் சைஸ். கை பெரியவர்களுக்கு ஈரக் கையில் அது ஏறாது, அதனால் ஒருமுறை மாட்டியதைக் கழற்ற மனம் வராது. சுற்று மாறும் ஒரு மணி நேரத்தில் மூன்று அலாரம் ஒன்றாக அடிக்கும். சரிசெய்தவை இவை: ஒவ்வொரு மெஷினின் பக்கவாட்டிலும் ஒரு பாட்டில், லார்ஜ் சைஸ் கிளவுஸுக்கு ஸ்டோரில் தனி இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு), சுற்று மாறும்போது கிளவுஸ் போடாத ஒருவர் அலாரத்துக்கென்றே நிற்பது. கை தேய்ப்பதற்கு உள்ளங்கைக் குழி நிறைய, சுமார் 3 மில்லி எடுத்து, 20 முதல் 30 விநாடி, கை தானாக உலரும்வரை. கண்ணுக்குத் தெரிந்து அழுக்கோ ரத்தமோ பட்டிருந்தால் ரப் போதாது, சோப்புத் தண்ணீரில் 40 முதல் 60 விநாடி. விரல் நுனியும் கட்டைவிரலும்தான் எல்லாரும் விட்டுவிடும் இடம். கேத்தீட்டர் மூடியைக் கழற்றியதும் வாய்ப்பகுதியைக் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் கலவையால் 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, உலர்ந்த பிறகே இணைப்பது. நோயாளிக்கும் மாஸ்க், செய்பவருக்கும் மாஸ்க்.

நகம் பற்றிப் பேசும்போது பெரும்பாலான ஆண்களுக்குச் சிரிப்பு வரும், சுண்டுவிரல் நகம் ஒரு ஆசை. அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டியில் 1997–98இல் ஒரு பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா பரவி, தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் 16 பேர் இறந்தனர். ஆராய்ந்தபோது இரண்டு நர்ஸ்களின் நீண்ட நகத்தோடு தொடர்பு தெரிந்தது. ஒருவருக்குச் செயற்கை நகம், இன்னொருவருக்கு இயல்பாக வளர்த்தது. இதைச் சொன்ன பிறகு யாரும் சிரிப்பதில்லை. நகத்தின் வெளிநீளம் அரை சென்டிமீட்டருக்குள், அவ்வளவுதான் விதி. நீண்ட நகம் கிளவுஸை உள்ளிருந்தே கிழிக்கும் என்பதால் ஊசிக்காரரின் சொந்தப் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. அதே பேச்சில் அவருடைய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேட்டார். 0, 1, 6 மாதம் என மூன்று டோஸில் இரண்டோடு நின்றிருந்தது. மூன்றாவதைப் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி (தடுப்பூசியால் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடானது.

கயிறு நுட்பமான விஷயம். "கழற்றி எறி" என்றால் சண்டை வரும், அவர் பக்கம் நியாயமும் இருக்கும், ஏனென்றால் மோதிரமும் வளையலும் வாட்சும் போட்டவர்கள் யூனிட்டில் வேறு பேர் உண்டு. எனவே விதி எல்லாருக்கும் ஒன்றாக வந்தது: முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. கயிற்றைப் புஜத்தில் சட்டைக் கைக்குள் கட்டிக்கொள்ளலாம், இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். அம்மா கட்டிவிட்டது என்றார். புதிதாக ஒன்றைப் புஜத்தில் கட்டிக்கொண்டு, கறுத்துப்போன பழசைக் கோயில் மரத்தில் கட்டிவிட்டு வந்தார். தீர்ந்தது.

வாசனைப் பேச்சு

இதைப் பேச வேண்டியவர் நேரடி மேலாளர். ஹெச்.ஆர். அல்ல, அவருடைய சிநேகிதரும் அல்ல. இன்சார்ஜ் பெண், இவர் ஆண் என்பதால் மூத்த ஆண் டெக்னீஷியன் பேசட்டுமா என்ற யோசனை வந்தது. அவர் வாய் தாராளமானவர் என்பதால் கைவிடப்பட்டது. ரகசியம் காப்பவர் என்பதுதான் முதல் தகுதி, ஆணா பெண்ணா என்பது அதற்குப் பிறகு. ஷிஃப்ட் முடியும் நேரம் நல்லது. தொடக்கத்தில் சொன்னால் அடுத்த எட்டு மணி நேரமும் ஒவ்வொரு நோயாளியும் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே ஊசி குத்துவார். மறுநாள் அவருக்கு வார விடுப்பாக இருக்கக் கூடாது, அவமானத்தைத் தனியாக வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். இடம் நர்சிங் ஸ்டேஷனோ கேன்டீனோ அல்ல, கதவு மூடும் அறை. பத்து நிமிடம் போதும். நலம் விசாரித்து, வேலையைப் பாராட்டி, சுற்றிவளைத்து வந்தால் கேட்பவருக்குப் பதற்றம்தான் கூடும். முதல் ஒரு நிமிடத்துக்குள் விஷயம் வந்துவிட வேண்டும்.

இன்சார்ஜ் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"தம்பி, சொல்றதுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம், அதான் தனியா கூப்பிட்டேன். கொஞ்ச நாளா உங்ககிட்ட வியர்வை வாசனை வருது, டியூட்டிக்கு வர்றப்பவே இருக்கு. நம்ம வாசனை நமக்குத் தெரியாது, அதனால நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. உடம்புக்கு ஏதாவதா, தங்குற இடத்துல ஏதாவது சிரமமா? எதுனாலும் சொல்லுங்க, பார்த்துக்கலாம்."

சொல்லாமல் விட்டதும் முக்கியம். "எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விஷயத்தை விட்டுவிட்டு யார் யார் என்று தேட ஆரம்பித்திருப்பார். "நான் சொல்லல, பேஷன்ட் சொல்றாங்க" என்று நழுவவும் இல்லை. "குளிக்கிறீங்களா?" என்று கேட்கவில்லை. காரணத்தை நாமே முடிவுசெய்துகொண்டு கேட்கும் கேள்வி அது, பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். இவர் தினமும் இருவேளை குளிப்பவர்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ரூம்ல ஆறு பேரு சிஸ்டர். தண்ணி காலைல அரை மணி நேரந்தான் வரும். யூனிஃபார்ம் ரெண்டு செட்டு. ராத்திரி துவைச்சு ஃபேன்ல போட்டுட்டு காலைல மாட்டிட்டு வந்துடுவேன்."

காரணம் அங்கேதான். பாலியெஸ்டர் கலந்த யூனிஃபார்ம் துணி, மழைக்காலத்தில் மூடிய அறையில், இரவு முழுக்கத் தொங்கினாலும் அக்குள் மடிப்பில் காயாது. ஈரமாகவே கிடக்கும் துணியில் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் போன்ற பாக்டீரியா பெருகும், துவைத்த துணியிலும் வரும் அந்தப் பூஞ்சை வாடை இதனால்தான். உடம்புச் சூடு பட்டதும் வாடை மேலெழும்பும். மேலே சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும். டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே குமட்டல் இருக்கும், வாசனைத் திரவியமே யூனிட்டில் வேண்டாம் என்பது நல்ல விதி.

ஏற்பாடுகள் பெரிய செலவில்லாதவை. ஸ்டோரிலிருந்து மூன்றாவது செட் யூனிஃபார்ம். மருத்துவமனை லாண்டரியில் யூனிட் ஸ்க்ரப்ஸோடு சேர்த்து 60 டிகிரி சூட்டில் துவைத்துக் காயவைக்க அனுமதி. ரத்தம் படும் யூனிட்டின் துணி வீட்டுக்கே போகக் கூடாது என்பதால் இதை எல்லாருக்கும் தருவதே முறை. ஷிஃப்டுக்கு 20 நிமிடம் முன்னால் வந்து டியூட்டி ரூம் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ரூமிலிருந்து போட்டுவரும் உடை வேறு, யூனிட் உடை வேறு.

இரண்டு வாரத்தில் துணி வாடை போய்விட்டது. கால் நாற்றம் போகவில்லை. ஸ்கின் ஓ.பி.யில் பாதத்தைப் பார்த்ததும் தெரிந்தது: குதிகாலிலும் முன்பாதத்திலும் சல்லடைத் துளை போலச் சின்னச் சின்னக் குழிகள். பிட்டட் கெரட்டோலைசிஸ் என்னும் பாக்டீரியா தொற்று அது. ரெக்சின் ஷூவில் நாள் முழுக்க வியர்க்கும் காலில் வருவது, குளிக்காததால் வருவதல்ல. தடவும் கிளிண்டமைசின் மருந்து, நாளுக்கு இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ், ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் உலரவிடுவது என்று சில வாரத்தில் சரியானது. அக்குள் வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை இரவில் நன்றாக உலர்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவச் சொல்வார்கள். ஈரத் தோலில் தடவினால் எரியும். ஈறு நோய், சைனஸ், சிறுநீர்க் கசிவு, மன அழுத்தத்தால் தன்னைக் கவனிக்காமல் விடுவது, மீன் வாடை அடிக்கும் ட்ரைமெதிலமினூரியா என்று இன்னும் பல காரணம் உண்டு. கண்டறிவது மருத்துவரின் வேலை. என்ன நோய் என்று யூனிட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பாட்டில், டிபன், துண்டு

இது குற்றமல்ல, ஆனால் ஒவ்வொரு நாளும் எரிச்சல். பெரிய அண்ணன் தம்பிக் கூட்டத்தில் வளர்ந்தவருக்கு அடுத்தவர் டிபனில் கை வைப்பது உரிமையோடு பழகுவதாகவே தோன்றியிருக்கிறது. இங்கேயும் விதி அவருக்காக என்று வரவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டில், பெயர் எழுதி, யாரும் யாருடையதையும் தொடுவதில்லை. சிகிச்சை நடக்கும் இடத்தில் எதுவும் சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை. "அவர் மட்டும் நம் பாட்டிலைத் தொடக்கூடாது" என்ற விதிக்கும் தீண்டாமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேட்காமல் எடுக்கும்போது அங்கேயே சொல்லிவிட வேண்டும்: "அது என் துண்டு, எடுக்காதீங்க. வேணும்னா லினன்ல கேளுங்க." சிரித்துக்கொண்டு சொன்னால் விளையாட்டாகப் போய்விடும். நோயாளி படுக்கையில் உட்கார்ந்து பேசுவது, அட்டெண்டர் நீட்டும் பலகாரத்தைக் கிளவுஸ் கையால் வாங்குவது ஆகியவையும் இதே பேச்சில் நிறுத்தப்பட்டன.

தொடுதல்

இங்கேதான் இன்சார்ஜ்கள் நல்லெண்ணத்தோடு தவறிழைப்பார்கள். இருவரையும் உட்காரவைத்து, "தெரியாம செஞ்சிட்டான், மன்னிச்சிடும்மா" என்று முடித்துவைப்பார்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் அந்த அதிகாரம் இன்சார்ஜுக்கு இல்லை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியிலிருந்து. புகார் எழுத்தில், நடந்து 3 மாதத்துக்குள். தொடர் சம்பவம் என்றால் கடைசியாக நடந்ததிலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே, பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. விசாரணை 90 நாளுக்குள். பயிற்சி மாணவி, ஒப்பந்த ஊழியர் எல்லாருக்கும் இது பொருந்தும். மாணவிகளுக்கு இது தெரிவதே இல்லை, கிளினிக்கல் போஸ்டிங் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

சூப்பிரண்டெண்ட் செய்தது இவ்வளவுதான்: இரண்டு நர்ஸ்களிடமும் குழுத் தலைவரின் பெயரையும் எண்ணையும் கொடுத்தார், கெடுவைச் சொன்னார், மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்றார், புகார் கொடு என்றோ வேண்டாம் என்றோ வற்புறுத்தவில்லை. விசாரணை முடியும்வரை ஷிஃப்ட் மாற்றம் வேண்டுமானால் அவர்கள் எழுத்தில் கேட்கலாம், குழு பரிந்துரைக்கும். கடிதம் கொடுத்தவரையே இரவு டியூட்டிக்குத் தள்ளுவது பழிவாங்கலாகத்தான் பார்க்கப்படும். சேஞ்சிங் ரூமுக்கு மட்டும் யாருடைய புகாருக்கும் காத்திருக்காமல் அன்றே தாழ்ப்பாள் போட்டார், ஆண்களுக்கு லினன் ரூமை ஒட்டிய இடம் ஒதுக்கினார்.

"அண்ணா, மேல கை வைக்காதீங்க, எனக்குப் பிடிக்கல" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் நல்லது, பல சமயம் அதிலேயே நின்றுவிடும். ஆனால் முன்பே சொன்னால்தான் புகார் செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை. "அண்ணன் தங்கச்சி மாதிரி பழகுறோம்" என்பது குழுவின் முன் அடிக்கடி வரும் பதில். மருத்துவமனையில் எல்லாரும் எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அந்த அழைப்பு தொடுவதற்கான சம்மதமல்ல. ஆண் ஊழியருக்கு இதே தொல்லை வந்தால் இந்தச் சட்டம் உதவாது. மருத்துவமனையின் பணி நடத்தை விதிப்படி ஹெச்.ஆர். விசாரிக்க வேண்டும்.

இருவரில் ஒருவர் புகார் கொடுத்தார். என்ன விசாரித்தார்கள், என்ன முடிவு என்பதைப் பொதுவெளியில் சொல்லச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அனுமதிக்காது என்பதால், இப்படிப்பட்ட ஆய்வுகளிலும் அந்தப் பகுதி வெறுமையாகவே இருக்கும்.

அதற்குப் பின்

இன்சார்ஜ் ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம் என மூன்று முறை ஐந்து நிமிடம் பேசினார். வாசனைப் பேச்சுக்கு எழுத்துப் பதிவு தேவைப்படவில்லை. மெமோவும் இல்லை, ஏற்பாடு செய்து கொடுத்தது என்ன என்ற ஒரு வரிக் குறிப்பு மட்டும். கிளவுஸ் விஷயத்தில் ஒவ்வொரு கவனிப்பும் தேதியோடு பதிவானது. பத்து முறை தொடர்ந்து சரியாகச் செய்ததை மேற்பார்வையில் பார்த்த பிறகு கேத்தீட்டர் வேலை திரும்பக் கிடைத்தது. மூன்றாவது வாரம் ஆள் பற்றாக்குறை நாளொன்றில் பழைய பழக்கம் எட்டிப்பார்த்தது. அன்று அவரிடம் ஆறு மெஷின். வாய்மொழி எச்சரிக்கை பதிவானது, கூடவே ஆறு மெஷின் கொடுத்ததும் பதிவானது. இரண்டாவதை எழுதாமல் முதலாவதை மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கோப்பு பொய் சொல்லும்.

பிறகு ஆள் தேவைக்காக அவர் அதே மருத்துவமனையின் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்குள்ள இன்சார்ஜுக்குப் போனது தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாளும் தடுப்பூசி அட்டையும் மட்டும். தோல் மருத்துவச் சீட்டு அவரிடமே, புகார்க் குழுவின் கோப்பு குழுவிடமே. "எப்படிப்பட்ட ஆள்?" என்று புது இன்சார்ஜ் போனில் கேட்டபோது, "நல்லா ஊசி போடுவார். லார்ஜ் கிளவுஸ் ஸ்டாக் இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றதோடு பழைய இன்சார்ஜ் நிறுத்திக்கொண்டார்.